கண்ணாடியில் வைத்த பொட்டு

தப்பாகத்தான் சொல்வேன். எனக்குத் தெரியும், வாயைத் திறந்தால் வரக்கூடாத வார்த்தைதான் முதலில் வந்து நிற்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் பேசுவாள் துளசிமணி என்று நங்கை சொல்லிச் சிரிப்பாள். நங்கை என்பது என் அண்ணன் பெண்டாட்டி. அவள் சிரிப்பதில் தப்பில்லை, என் வாய் அப்படித்தான். ஆயுத பூஜையும் அதுவுமாக, அண்ணனுடைய ரைஸ்மில்லில், தூணுக்குத் தூண் வாழைக்கன்று கட்டி, எல்லோரும் புதுத்துணியில் நிற்கும்போது நான் எழுந்து பாய்லரைக் காட்டி ஏதாவது சொன்னால் என்ன ஆகும். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், எல்லாம் என் மனப்பிராந்தியாக இருக்கலாம். ஆனால் நான் நினைப்பது சரியாக இருந்து, சொல்கிற விதம் தப்பாகிப் போனால் அது இன்னும் மோசம். சரியான விஷயத்தைத் தப்பாகச் சொன்னதால் ஆள் செத்த கதை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேனா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான், எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள், அவர் எஞ்சினியர், அவர் சொன்னதில் பாதியைக் கேட்டேன், மீதிப் பாதி நேரம் அவருடைய மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உட்கார்ந்திருப்பது பாய்லர் பக்கத்தில். யாரும் இங்கே உட்காரச் சொல்லவில்லை. கற்பூரத் தட்டு முதலில் வருகிற இடத்தில் புருஷன் இல்லாதவள் உட்கார்ந்தால் எல்லோருக்கும் சங்கடம், அதனால் நானே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்த மூலைக்கு வந்துவிட்டேன். சூட்டுக்குப் பயந்து யாரும் வரமாட்டார்கள். பூஜை நாளில் எந்த மில்லிலும் பாய்லர் எரியாது. இங்கே எரிகிறது. நேற்று யாரோ கணக்குத் தப்பி இரண்டு தொட்டி நெல்லை ஊறப் போட்டுவிட்டார்கள், நாளைக்கு வரை வைத்தால் அரிசி நாறும். "சாமி கோவிச்சுக்காது, நெல்லுதான் கோவிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் விடிந்ததும் தீ மூட்டச் சொல்லிவிட்டார். பூஜை முடிந்த கையோடு நல்ல நேரத்தில் நெல்லுக்கு ஆவி விட வேண்டுமாம். புதுப் பெயிண்ட் வாசனை, செவ்வந்தி வாசனை, ஊறின நெல்லின் புளிப்பு வாசனை. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று, அடுப்பில் வைத்து மறந்துபோன தோசைக்கல்லின் வாசனை. மூக்கு எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம், கூப்பிடாமலே போய் எதையாவது முகர்ந்துகொண்டு வரும். இல்லை, பெயிண்ட் காய்கிறது, அவ்வளவுதான். பெயிண்ட்தான்.

ஆனால் அந்தக் கண்ணாடி. பாய்லரின் முகப்பில் ஒரு முழ உயரத்துக்கு நிற்கிற கண்ணாடி, இரும்புக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வெளியே காட்டுவது அது ஒன்றுதான். அதன்மேல் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, நடுவில் சந்தனத்தை அப்பி, சந்தனத்தின்மேல் குங்குமம் வைத்து, கழுத்தில் போடுவது மாதிரி ஒரு மாலையும் போட்டிருக்கிறார்கள். நங்கைதான் வைத்திருப்பாள், அவள் கைக்குத் தாராளம் ஜாஸ்தி. சந்தனம் காய்ந்து வெடித்து, வற்றின குளத்துச் சேறு வெடித்த மாதிரி கோடு கோடாக நிற்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சாமிக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுக்காரர் செய்த பாய்லரில் இப்படி ஆகாது. அதன் முகப்பில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பித்தளைத் தட்டு இருக்கும், வட்டமாக, முகத்துக்கு நேராக. எந்தக் குழாயோடும் சேராத தட்டு. முதல் பாய்லர் தயாரானபோது கம்பெனி முதலாளி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்குங்க எஞ்சினியர்?" என்று கேட்டாராம். "பொட்டு வெக்கறதுக்குங்க." "பொட்டு வெக்கப் பித்தளை வேணுங்களா?" "கண்ணாடில வெக்காம இருக்கறதுக்குங்க." முதலாளி சிரித்தாராம், ஆனால் தட்டை எடுக்கவில்லை. அவர் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான் சிரிக்க வேண்டுமென்று. நான் சிரிக்கவில்லை, கல்யாணமாகி ஒரு மாசம்கூட ஆகவில்லை, எஞ்சினியர் சொல்வதற்கெல்லாம் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. பிற்பாடு ஒரு நாள் சோறு வடிக்கும்போது நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன், அவர் உள்ளே இருந்து, "என்ன புள்ள?" என்றார், ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அந்த மனுஷனிடம்.

அவர் பெயரை வைத்து நாச்சிமுத்து பாய்லர் என்று யாரும் சொல்வதில்லை. சாய்வு பாய்லர் என்பார்கள், குழாய்கள் உள்ளே சாய்ந்து கிடப்பதால். அவர் செய்வதற்கு முன்னால் மில்களில் இருந்ததெல்லாம் விறகு தின்கிற பெரிய உருளைகள். ஆலையில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிற உமியைக் கொளுத்தினாலே போதும், நெல்லே தன்னை வேகவைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டவர் அவர். சன்னமான குழாய்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், சுற்றி உமித் தீ, மேலே ஒரு தொட்டி. கம்பெனி தன் பெயரை அதில் வார்த்துக்கொண்டது. பிறகு ஈரோட்டில் ஒருவர் பார்த்துச் செய்தார், ஆரணியில் ஒருவர், அப்புறம் ஆந்திராவில் எல்லாம். யார் பெயரும் இல்லாமல் அது ஒரு சாதியாகிவிட்டது. அவர் யார்மேலும் கோபித்ததில்லை. பஸ்ஸில் போகும்போது எங்கேயாவது மில் புகைபோக்கி தெரிந்தால் என் முழங்கையை இடிப்பார். "நம்ம பய நிக்கறான் பாரு துளசி." எங்களுக்குப் பிள்ளை இல்லை. திருவண்ணாமலைக்குப் போனபோது வழி நெடுக இடித்துக்கொண்டே வந்தார், முழங்கை கன்றிப் போயிற்று. "இவனுக்கு உடம்பு சரியில்ல, கரும்பொகை விடறான்," "இவன் நல்லாப் படிக்கிறான், பொகையே காணோம்." முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி, "உங்களுக்கு எத்தனை பசங்கம்மா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவர், "எண்ணலீங்க" என்றார். அந்த அம்மாவின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு.

சத்தம். என்ன அது, டிக் என்று. நகத்தால் டப்பாவைச் சுண்டினது மாதிரி. அவர் இருந்தவரை எத்தனையோ மில்லுக்கு என்னைக் கூட்டிப்போயிருக்கிறார், வேலை முடிகிற வரை ஓரமாக உட்காரவைப்பார், இதே மாதிரி நாற்காலியில், காபி வாங்கிக் கொடுத்து. அப்போதெல்லாம் பாய்லர் முனகும். கன்று ஈன்ற பசு மாதிரி ஒரு முனகல், தொடர்ந்து, வயிற்றுக்குள் இருந்து. தண்ணீர் சுற்றி வருகிற சத்தம் என்பார். எனக்கு அதில் தூக்கம் வரும். இது முனகவில்லை. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக் டிக். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஓடவே இல்லை, சுவிட்ச் பெட்டி என் நாற்காலிக்கு நாலு தப்படிக்குள்தான் இருக்கிறது, அதற்கும் ஒரு பொட்டு, ஓடியிருந்தால் கேட்டிருக்கும். காளியண்ணன் எங்கே. அவர்தான் பாய்லர் பார்க்கிறவர். அண்ணன் கொடுத்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வரக் குளிக்கப் போனவர் இன்னும் வரவில்லை. அவர் இருந்தால் காதோடு காதாகச் சொல்லலாம். என்ன சொல்வது. தண்ணீர் இல்லை என்றா. இருந்தால்? பூஜை அன்றைக்கு அபசகுனம் பேசினாள் என்று ஆகும். இல்லாமல் இருந்தால், ஐயோ, அதுதான், இல்லாமல் இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது.

அந்தக் கதையை ஒரு மழை நாளில் சொன்னார். அவர் படிப்பு முடித்த புதிதில் எங்கேயோ ஒரு மில்லில் நடந்தது, பழைய உருளை பாய்லர். தண்ணீர் வற்றி இரும்பு பழுத்துப்போயிருந்தது. ஒருவன் பார்த்துவிட்டான், நல்லவன், அவன் பார்த்தது சரி. "தண்ணியைக் காணோம், தண்ணியைக் காணோம்" என்று கத்தினான். அவ்வளவுதான் அவன் செய்தது. கேட்டதும் இன்னொருவன் ஓடிப்போய்ப் பம்ப்பைப் போட்டான், அவனும் நல்லவன்தான். பழுத்த இரும்பில் பச்சைத் தண்ணீர், ஒரே நொடியில் ஆவியாகி வெடித்துவிட்டது. கூரைத் தகடு நெல் காய்கிற களத்தில் போய் விழுந்ததாம். அவர் போய்ப் பார்த்தபோது களத்தில் நெல் அப்படியே பரப்பினபடி இருந்ததாம், நடுவில் ஒரு தகரம், தகரத்தின்மேல் ஒரு செருப்பு. அவர் அந்தச் செருப்பைப் பற்றி ரொம்ப நேரம் சொன்னார். பிறகு என்னிடம் பரீட்சை வைக்கிற மாதிரிக் கேட்டார். "தண்ணி தெரியிலேன்னா என்ன பண்ணோணும் துளசி?" "தண்ணி ஊத்தோணுங் மாமா." "போச்சு. என்னையும் சேத்துக் கொன்னுட்டே. தீயை நிறுத்தோணும். தண்ணியைத் தொடவே கூடாது." நான் அழுதுவிட்டேன், கொன்னுட்டே என்றதற்கு. அவர் பதறிப்போய்ப் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தார், மழையில் நனைந்த பஜ்ஜி. எத்தனையோ வருஷம் கழித்துத் தூக்கத்திலேயே போனார் அவர், நெஞ்சு நின்று, பாய்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வார்த்தை என் காதில்தான் இருக்கிறது.

அண்ணனிடம் சொல்ல முடியாது. அண்ணன் தெய்வசிகாமணிக்கு வாயைவிடக் கை வேகம். வீட்டில் குக்கர் சத்தம் போட்டாலே எழுந்துபோய் எதையாவது திருகுவார். தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்து முடிவதற்குள் அவர் கை சுவிட்ச்சில் இருக்கும். அவர் என்றில்லை, இங்கே இருக்கிற யாரானாலும். தண்ணீர் குறைந்தால் பம்ப்பைப் போடு என்றுதான் தினமும் செய்கிறார்கள். அதோ அண்ணன் கற்பூரம் காட்டுகிறார். மணி அடிக்கிறார்கள். நெல் அளக்கிற தராசுக்கு, மோட்டாருக்கு, லாரிக்கு, கால்குலேட்டருக்குக்கூட. தட்டு இந்தப் பக்கம் வருகிறது. "அம்மிணி, தொட்டுக் கும்பிட்டுக்க." தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன். நங்கை எல்லோருக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் வந்ததும் விரலைத் திருநீற்றுக்கு மாற்றிக்கொள்கிறாள், யாரும் கவனிக்காத வேகத்தில். அவள் நல்லவள், அந்த வேகம் என் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான். "ஏம்மா துளசி, இந்த வேக்காட்டுல வந்து உக்காந்துட்டே. உங்க ஊட்டுக்காரரு செஞ்ச மாதிரின்னு பக்கத்துலயே உக்காந்துட்டியா?" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது சொல்லியிருக்கலாம். நங்கை, அந்தக் கண்ணாடிப் பொட்டைக் கொஞ்சம் துடைங்க. அவ்வளவுதானே. துடைப்பதா, வைத்த பொட்டையா, பூஜை அன்றைக்கா, சொல்வது யார். என் நெற்றியை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு இங்கே இருந்த பொட்டை அழித்தவள் நங்கையின் அம்மாதான், ஈரத்துணியால், மெதுவாக, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி.

பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்குப் போகிறார்கள். "வா அம்மிணி." "நீங்க போங்கண்ணா, வர்றேன்." ஒருவர்கூட உள்ளே இல்லை. டிக். டிக் டிக் டிக். நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, முந்தானை கையில் இருக்கிறது. மாலையை ஒதுக்கினேன். பூ வாடிச் சுருண்டு சருகு மாதிரி நொறுங்குகிறது. சந்தனம் பெயர்ந்து வந்தது, குங்குமம் முந்தானையில் ஏறிக்கொண்டது, என் வெளிர்நீலப் புடவையில் சிவப்பு, எத்தனை வருஷத்துக்கு அப்புறம். கண்ணாடி தெளிந்துவிட்டது. தெளிவாக ஒன்றுமே இல்லை. தண்ணீர் மட்டத்தின் கோடு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. முழுக்க நிறைந்திருந்தாலும் கண்ணாடி இப்படித்தான் இருக்கும், முழுக்க வற்றியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தாரே. கண்ணாடிக்குப் பின்னால் தகட்டில் சாய்வாகச் சிவப்புக் கோடு போடுவார். ஒரு நாள் சமையற்கட்டில் என்னை நிற்கவைத்து, டம்ளர் நிறையத் தண்ணீரை எடுத்து என் புடவையின் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் பிடித்தார். "இப்பப் பாரு, கோடு எந்தப் பக்கம் சாயுது?" எந்தப் பக்கமோ சாய்ந்தது, டம்ளரை எடுத்ததும் மறுபக்கம் சாய்ந்தது. தண்ணீர் இருந்தால் கோடு திரும்பிக்கொள்ளும், இல்லாவிட்டால் போட்டபடி நிற்கும். "உள்ள தண்ணி இருக்குதா இல்லியான்னு கோடு சொல்லீரும் புள்ள." நான் டம்ளரைப் பார்க்கவில்லை, என் இடுப்புக்கு அவ்வளவு பக்கத்தில் பகல் நேரத்தில் ஒரு ஆண் குனிந்திருக்கிறாரே, மாமியார் வந்துவிட்டால் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த பாய்லரிலும் கோடு இருக்கிறது. அவரைப் பார்த்துச் செய்தவர்கள் பித்தளைத் தட்டை விட்டுவிட்டார்கள், கோட்டை மட்டும் விடவில்லை. ஆனால் பூஜைக்குப் பெயிண்ட் அடித்தவன் அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் கோயில் மதில் மாதிரி வெள்ளையும் காவியுமாக நேர்ப் பட்டை அடித்து வைத்திருக்கிறான். நேர்க் கோடு எந்தப் பக்கம் திரும்பும். எதுவும் சொல்லாமல் நிற்கிறது. மாமா, எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறதே மாமா.

வாசலில் பூசணிக்காய் உடைகிற சத்தம். இனி வருவார்கள். ஓடிவிடலாம், நானும் வாசலுக்குப் போய் அவர்களோடு நின்றுகொள்ளலாம், களத்துக்கு அந்தப் பக்கம். நான் போனால் அவர்கள் உள்ளே வருவார்கள், காளியண்ணன் வருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் துடைத்த கண்ணாடியைப் பார்ப்பார், தண்ணீரைக் காணோமே என்பார், இன்னொருவர் ஓடுவார். எல்லோரும் நல்லவர்கள். உமிக் கூண்டுக்கு அடியில் ஒரு இழுப்புத் தகடு இருக்கும், அடுப்புக்கு உமி விழுகிற வாயை அடைக்கிறது. அது எனக்குத் தெரியும், அவர் என்னை இழுக்கவைத்துப் போட்டோ எடுத்தார், புதுப் பெண்டாட்டி பாய்லரோடு நிற்கிற போட்டோ, கண்ணை மூடிக்கொண்டு விழுந்திருக்கிறேன் அதில். உமி நின்றால் தீ நிற்கும், விறகு மாதிரி பிடிவாதம் பிடிக்காது என்பார். இங்கேயும் அதே இடத்தில்தான் இருந்தது. கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு உள்ளே தள்ளினேன், வரவில்லை, இன்னொரு தடவை, இரண்டு கையாலும், காலை உதைத்துக்கொண்டு. நகர்ந்தது. சரசரவென்று விழுந்துகொண்டிருந்த உமிச் சத்தம், அதுவரை அது கேட்டுக்கொண்டிருந்தது என்றே எனக்குத் தெரியாது, நின்றுபோயிற்று. செருப்புச் சத்தங்கள் வருகின்றன. நாற்காலியைத் தூக்கினேன், சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் போட்டேன், உட்கார்ந்து முதுகை அதில் சாய்த்தேன்.

"பொட்டை யாரு அழிச்சது?" நங்கையின் குரல். அப்புறம் அவள் என் முந்தானையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன், "ஏம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? நாளும் கெழமையுமா?" என்று ஆரம்பித்தவர் பாய்லர் பக்கம் திரும்பினார். "உமி உழுகிலயே. யாரு அடைச்சது? நல்ல நேரம் போகுது, அந்த பம்ப்பைப் போட்டு உடுங்கடா முதல்ல, தள்ளு அம்மிணி." சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தொண்டை வரை வந்தது. தண்ணீர் என்ற சொல் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கிவிட்டு, "எனக்குத் தலை சுத்துதுங்கண்ணா" என்றேன். "எந்திரிச்சா உழுந்துருவேன்." தலையைப் பின்னால் சாய்த்தேன், கையைத் தொங்கவிட்டேன். இதைச் செய்ய எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. "அடக் கடவுளே, சோடா வாங்கியாங்க. காலைல ஏதாச்சும் சாப்பிட்டாளா இவ? அந்தப் பக்கம் தூக்கிப் படுக்க வெக்கலாமுங்க." "தொடாதீங்க நங்கை, தொட்டா வாந்தி வருது."

காளியண்ணன் அப்போதுதான் வந்தார், முடியில் ஈரம் சொட்ட, மடிப்புக் கலையாத வேட்டியில். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவர் வழியில் கண்ணாடியைப் பார்த்தார். நின்றார். அடைத்த தகட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த புதுத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு அடியில் இருந்த சின்னக் குழாயைத் திருகினார், சீறிக்கொண்டு வெறும் ஆவி வந்தது, ஒரு சொட்டுக்கூட நனைக்கவில்லை. மூடினார். அவர் முகம் திருநீறு பூசினது மாதிரி ஆகிவிட்டது. அண்ணன், "என்ன காளியண்ணா?" என்றார். காளியண்ணன் என்னைப் பார்த்தார், என் முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங். அம்மிணிக்குக் காத்துப் பத்திலீங். இத்தனை பேர் சுத்தி நின்னா மூச்சு முட்டுமுங்க. எல்லாரும் களத்துக்கு அந்தப் பக்கம் போயி நில்லுங்க, நானு பாத்துக்கறேன். மொதலாளி, நீங்களும்தானுங்." கையை விரித்துக்கொண்டு ஆட்டை ஓட்டுவது மாதிரி ஓட்டினார். நங்கை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். கதவுக்கு வெளியே நின்று காளியண்ணன் தாழ்ந்த குரலில், "நீங்களும் வந்துருங் அம்மிணி" என்றார். "நீங்க அவங்களைப் பாத்துக்குங்க" என்றேன். கதவைச் சாத்தினார். அண்ணன் வேகமான மனுஷர், காளியண்ணனைத் தள்ளிக்கொண்டும் வருவார். நான் கண்ணை மூடிக்கொண்டு, சுவிட்ச் பெட்டியின் கொண்டி முதுகெலும்பில் குத்துகிற வரைக்கும் பின்னால் அழுத்தி, இரும்பு ஆறி ஒவ்வொரு டிக்குக்கும் நடுவே இடைவெளி நீண்டு நீண்டு, கடைசியில் அடுத்தது வராமலே போகிற வரைக்கும், எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.